படத்தில் பிழை

நடுத்தாள் இன்னும் ரத்தினத்தின் கையில்தான் இருந்தது. அய்யாவுவின் சலூனில் பேப்பர் முழுசாக யாருக்கும் கிடைக்காது. கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிய கையோடு அய்யாவு அதைத் தாள் தாளாகப் பிரித்துப் பெஞ்சில் போட்டுவிடுவான். பிறகு அது மடிக்கு மடி நகரும். சுவரோரம் இருப்பவர் படித்து முடித்தால் பக்கத்து ஆளுக்கு, அங்கிருந்து வாசலோரம் இருப்பவருக்கு. திருமூர்த்தியின் மடியில் இப்போது கிடந்தது வரிவிளம்பரத் தாள். காலி மனை, பழைய தறி, மணமகன் தேவை. கண் அதில் ஓடிக்கொண்டிருந்தாலும் கவனமெல்லாம் வலப்பக்கம் இருந்தது. ரத்தினம் மோட்டார் பட்டறைக்காரர். அவருக்குச் சிரிப்பு வந்தால் முதலில் தோள் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும். தோள் குலுங்கிவிட்டது. தாளைத் திருப்பி மடிக்க அவர் கையை உயர்த்தியபோது வாசல் வெளிச்சத்தில் அந்தக் கார்ட்டூன் ஒரு கணம் திருமூர்த்திக்கும் தெரிந்தது. ஒரு பெரிய பானை, அடியில் தீ. பானைக்குள் கண்ணாடி போட்ட ஒரு ஒல்லி மனிதர், மார்பில் ‘வாக்காளர்’ என்று எழுதியிருக்கிறது. சுற்றிலும் இடுப்பில் புல் கட்டி, தலைமயிரில் எலும்பு செருகி ஆடும் நான்கைந்து உருவங்கள். மையை அப்படியே கவிழ்த்தது போல உடம்பெல்லாம் கறுப்பு, உதடு மட்டும் வெள்ளையாகத் தடித்து முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு. கீழே ஏதோ ஒரு வரி. அந்தத் தாள் அடுத்து தன்னிடம் வரும். தன்னிடமிருந்து இடப்பக்கம், வாசலோரம் உட்கார்ந்திருக்கும் ஆப்பிரிக்க ஆளிடம் போகும். அதற்கு நடுவில் அய்யாவு திரும்பிப் பார்க்காமலே சொல்வான்: “அண்ணா, படிங்க.”

எப்போதும் அப்படித்தான். அய்யாவுவுக்கு இரண்டு கையிலும் சோப்பு; நாற்காலியில் இருப்பவருக்குத் தலையை அசைக்க முடியாது. யாராவது படித்துக் காட்டினால்தான் உண்டு. டவுன் பஸ்ஸில் காலமெல்லாம் ஸ்டாப் பெயரைக் கூவிய தொண்டை என்பதால் அந்த வேலை திருமூர்த்தியிடம் வந்து சேர்ந்தது. மந்திரிக்கு ஒரு குரல், குடிமகனுக்கு ஒரு குரல், மாட்டுக்குக்கூட ஒரு குரல் வைத்திருந்தார். சிரிப்பு வருகிற வார்த்தைக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் அய்யாவு கத்தியைத் தாடையிலிருந்து எடுத்து மேலே பிடித்துக்கொள்வான். நாற்காலியில் இருப்பவர் சிரித்துக் குலுங்கி முடித்த பிறகுதான் கத்தி மறுபடி கீழே இறங்கும். இத்தனை நாளில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இன்றைக்கும் கத்தி மேலே போகும். அதற்குப் பிறகு என்ன? படத்தில் பார்த்த அந்த உதடு அவருக்குள் எங்கோ மாட்டிக்கொண்டது. உதட்டை எதற்கு வெள்ளையாக விட்டார்கள்? முழுக்கக் கறுப்படித்தால் வாய் தெரியாது என்பதற்காக இருக்கும். சரி, தெரிவதற்கு ஒரு கோடு போதாதா? வரைகிறவர் இப்படி ஒரு வாயை எங்கே பார்த்திருப்பார்? பஸ்ஸில் எத்தனை வாய் பார்த்தாகிவிட்டது. டிக்கெட் கேட்கிற வாய், சண்டைக்கு வருகிற வாய், ஜன்னலோரம் திறந்தபடி தூங்குகிற வாய். இது எதிலும் சேரவில்லை. ஆளைப் பார்த்து வரைந்த படம் மாதிரியே இல்லை. இன்னொரு படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார், அதை வரைந்தவர் அதற்கு முந்திய படத்தைப் பார்த்திருப்பார். அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் யார் இருப்பார்? ஒருத்தன் இருக்கத்தானே வேண்டும், முதன்முதலில் ஒரு மனுசன் முகத்தைப் பார்த்துவிட்டு இப்படி எழுதியவன். அவனுக்கு அன்றைக்கு என்ன கோபமோ, என்ன பயமோ. திருமூர்த்தியின் கண் தானாக இடப்பக்கம் போயிற்று. பக்கத்து ஆள் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டைத்தான் பார்க்கிறோம் என்பது தெரிந்ததும் திருமூர்த்தி சட்டென்று கண்ணை இழுத்து ‘மணமகன் தேவை’யில் வைத்துக்கொண்டார். சாதாரண உதடு. கீழுதட்டில் ஒரு வெடிப்பு. மார்கழிப் பனிக்கு எல்லாருக்கும் வருவதுதான்.

அவன் பெயர் முலெங்கா. சாம்பியா என்று ஒரு நாட்டிலிருந்து வந்து பருத்திச் செடியின் வேரைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்கிறான். முதல் முறை கடைக்குள் வந்தபோது அய்யாவு சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். சீப்பு அந்த முடிக்குள் போகாது என்று எண்ணினான் போல. மெஷின் போதும் என்று முலெங்கா சைகை காட்டினான். வெட்டி முடித்ததும் அய்யாவு அந்தத் தலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, “அட, வெல்வெட்டுங்கண்ணா” என்றான் திருமூர்த்தியிடம், எதையோ கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி. பெயர்தான் அவன் வாயில் நுழையவில்லை. முலெங்கா முருங்கா ஆகி, முருங்கா முருகா ஆகி, இப்போது முருகேசு. கூப்பிட்டால் அவனும் திரும்பிப் பார்க்கிறான். சிரிக்கிறான். எல்லாரையும் ‘அண்ணா’ என்கிறான். திருமூர்த்திக்கு அவன் அப்பாவைவிட வயது அதிகமிருக்கும், அவரும் அண்ணாதான். பஸ்ஸிலும் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கூடத்திலும் பொறுக்கிய தமிழ். ‘கொஞ்சம் தள்ளுங்க’, ‘ரசம் போதும்’, ‘பரவால்ல’. இந்தப் ‘பரவால்ல’வைத்தான் அதிகம் சொல்கிறான். எதற்கெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறதோ என்று திருமூர்த்தி நினைத்ததுண்டு, கேட்டதில்லை. கேட்க எவ்வளவோ இருந்தது. உங்கள் ஊரில் சலூனில் பெஞ்சு உண்டா? பேப்பரை எப்படிப் பிரிப்பீர்கள்? சத்தமாகப் படிக்க ஆள் இருக்கிறாரா? தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. ஆனாலும் பெஞ்சின் வழக்கப்படி தாள் அவனிடம் போகும். அவனும் வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு மரியாதையாக மடித்து வைப்பான். படம்தான் பார்ப்பான்.

காப்பிரி. அந்தச் சொல் எங்கிருந்து இப்போது வந்து நிற்கிறது. ஒண்டிப்புதூர்ப் பள்ளிக்கூடத்தில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். “டேய் காப்பிரி, பந்த எட்றா.” நிறமும் சுருட்டை முடியும். சின்ன வயதில் அவருக்கு அந்தச் சொல்லில் வருத்தமே இருந்ததில்லை, ஏனென்றால் அது காப்பியிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். காப்பி நிறம், அதனால் காப்பிரி. காப்பி எல்லாருக்கும் பிடிக்கும்தானே. டீ நிறத்தில் இருந்த மணியனைப் பார்த்து, “அப்ப நீ டீயிரியாடா?” என்று கேட்டு வகுப்பே சிரித்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு டெப்போவில் ஒரு டிரைவர்தான் சொன்னார், அது ஆப்பிரிக்காக்காரனைச் சொல்கிற சொல்லப்பா, வசவு மாதிரி. அன்றைக்கு முழுக்க அவர் யோசித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். பார்த்தே இராத ஒரு ஊர்க்காரனை எடுத்து என்மேல் எறிந்திருக்கிறார்கள். அவனுக்கு அது தெரியுமா? அங்கே யாராவது ஒருவன் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான், கோயமுத்தூரில் தன்னைக் கல் மாதிரிப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாமலே. கல்லுக்கு வலிக்குமா என்று எறிகிறவன் நினைப்பதில்லை. எறிபட்டவனும் நினைக்கவில்லை, அன்றைக்கு வரைக்கும். இதோ அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான், முழங்கை முழங்கையில் பட.

ரத்தினம் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் அங்கேயே நின்றிருந்தார். அந்தப் படத்தை இன்னும் விடவில்லை. பம்பாயிலும் அப்படித்தான், கும்பலாக ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர் வேலை கிடைப்பதற்கு முன்னால், மீசை சரியாக முளைக்காத வயதில், மாட்டுங்கா பக்கம் ஒரு மில் கேண்டீனில் தட்டுக் கழுவப் போயிருந்தார். ஒரு நாள் சுவரில் பேப்பர் துண்டு ஒன்றைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார்கள். ரயிலிலிருந்து ஒரு ஆள் இறங்குகிறான். கன்னங்கரேலென்று, நெற்றியில் பட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, தொப்பை, கையில் தகரப்பெட்டி, வாய் நிறைய பல். அவன் பின்னால் அதே அச்சில் இன்னும் பத்துப் பேர். கீழே ஒரு வரி. அந்த ஊர் எழுத்து, கொடியில் துணி காயப்போட்ட மாதிரி மேல்கோட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கையில் ஈரத்தட்டு, வேறென்ன செய்வது. கூட வேலை பார்த்த திருநெல்வேலிக்காரன் அந்த எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பான். “என்னண்ணே எழுதியிருக்கு?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லப்பா, சும்மா” என்றான். மறுநாளும் கேட்டார். “அதை விடுன்னு சொல்லுதேன்லா.” இரக்கம் பார்த்துத்தான் சொல்லாமல் விட்டிருப்பான். ஆனால் அந்த வரி போகவே இல்லை. ஊருக்குத் திரும்பி, வேலை கிடைத்து, கல்யாணமாகி, மயிலா வந்து, மயிலா போய்ச்சேர்ந்தும்விட்டாள். அந்த வரி மட்டும் இன்னும் படிக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. படம் மறந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். எழுதியிருந்தது என்னவென்று தெரியாததுதான் ஆறவில்லை. தெரிந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். கோபப்பட்டால் முடிந்திருக்கும். நாற்பது வகையாக அவரே எழுதிப் பார்த்திருக்கிறார், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசமாக.

மயிலாவுக்குக் கார்ட்டூன் படித்துக் காட்டினால் உடனே சிரிக்கமாட்டாள். அரிசி புடைத்துக்கொண்டே, “இதுல யாருக்கு அடி விழுதுங்க?” என்பாள். கட்சிக்காரனுக்கு என்றால் சிரிப்பாள். வேறு யாருக்காவது என்றால், “அவன் என்ன பண்ணுனான்?” இன்றைக்குக் கேட்டிருந்தால்? பானையில் வாக்காளர் என்றால் கட்சிக்காரர்களுக்குத்தான் மயிலா அடி. “சரி, அப்ப அந்தப் புல்லுப் பாவாடை எதுக்குங்க?” என்பாள். இங்கேதான் சிந்தனை வந்து முட்டிக்கொண்டு நின்றது. கட்சிக்காரன் பொல்லாதவன் என்று சொல்ல அவனுடைய சொந்த முகமே போதாதா? வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் கரண்டி என்று போட்டாலும் புரியுமே. பொல்லாதவன் என்று காட்ட யாருடைய முகத்தையோ வாடகைக்கு எடுக்கிறார்கள், அவனைக் கேட்காமல். இதைச் சொல்லலாம்தான். சொன்னால் ரத்தினம் என்ன சொல்வார் என்பதும் தெரியும். அப்புறம் இந்தப் பெஞ்சு? மயிலா போன பிறகு வீட்டில் அவர் குரலை அவரே கேட்பதில்லை. டீவி பேசும், குக்கர் கூவும். தொண்டை திறப்பது இங்கேதான், ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பெஞ்சில். ‘மூர்த்தியண்ணன் படிச்சாத்தான் பேப்பரு’ என்று அய்யாவு வருகிறவரிடமெல்லாம் சொல்கிறான். சிரிக்க வந்த இடத்தில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டால், அடுத்த வாரம் அந்தத் தாள் தன் மடியில் நிற்காமல் தாண்டிப் போகும். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். படிங்க என்று கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை நினைத்தால் பயமாக இருந்தது. பாத்ரூம் போவது போல எழுந்து போய்விடலாமா? தாளை இரண்டாக மடித்துச் சட்டைக்குள்? சீ.

தாள் வந்துவிட்டது. ரத்தினம் அதைக் கையில் கொடுக்காமல், கார்ட்டூன் மேலே தெரிகிற மாதிரி மடித்து மடியிலேயே வைத்தார். “பாருங்கண்ணா, நம்ம முருகேசோட சொந்தக்காரங்க எல்லாம் பேப்பர்ல வந்திருக்காங்க.” முலெங்கா ‘முருகேசு’ என்பதைக் கேட்டுத் தலையைத் தூக்கிச் சிரித்தான். அய்யாவு திரும்பாமலே, “படிங்கண்ணா, கையெல்லாம் சோப்பு” என்றான். நாற்காலியில் சோப்பு நுரைக்கு நடுவே இரண்டு கண்கள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தன. பேக்கரி வைத்திருக்கும் அந்த ஆளும் காத்திருந்தார். கத்தி தயாராக மேலே போனது. வரி எளிதாக இருந்தது. ‘தொகுதிப் பங்கீடு சுமுகமாக நடக்கிறது!’ அவ்வளவுதான். நல்ல வரி என்றுகூடத் தோன்றியது. வழக்கம்போல ‘சுமுகமாக’வுக்கு முன்னால் நிறுத்தினால் கடை அதிரும். நிறுத்தினார். ‘தொகுதிப் பங்கீடு’ என்றதோடு நின்றார்.

“ஏனுங்ணா, தொண்டை கட்டிருச்சா?”

“இல்ல ரத்தினம். இதப் படிக்கறதுக்கு வாய் வரல.”

“அட, நம்ம கட்சிக்காரனுகளத்தானுங்க கிண்டல் பண்ணியிருக்கான். நீங்க எந்தக் கட்சிங்ணா, சொல்லவே இல்ல?” ரத்தினத்தின் தோள் மறுபடி குலுங்கியது.

“கட்சிக்காரனைக் கிண்டல் பண்ணட்டும். இவுங்க மூஞ்சிய எதுக்கு வெச்சான்?”

“இவன் என்னத்தக் கண்டான், எழுத்தே தெரியாது. நீங்க வேற, ஒரு சிரிப்புக்குப் போயி... என்ன முருகேசு, உனக்கேதாச்சு வருத்தமா?”

“பரவால்ல” என்றான் முலெங்கா, எதற்கென்று தெரியாமலே. பிறகு திருமூர்த்தியின் மடியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். போன் வெளிச்சம் தானாக அணைந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் கலையவில்லை, ஆனால் சிரிப்பவன் உள்ளே இல்லை. அந்தச் சிரிப்பைத் திருமூர்த்திக்குத் தெரியும், ஈரத்தட்டோடு நின்றபோது அவர் முகத்திலேயே இருந்தது. நீளமான ஒரு விரல் படத்துக்குக் கீழே வந்து நின்றது. “அண்ணா, இங்க என்ன எழுதியிருக்கு?”

ஒண்ணுமில்லப்பா, சும்மா. அது நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான சொல். அன்பான சொல்கூட. அதைச் சொல்லிவிட்டால் இவன் இன்னும் எத்தனை காலம் இந்த வரியை எழுதி எழுதிப் பார்ப்பான்? சாம்பியாவில் கிழவனாகி ஒரு சலூனில் உட்கார்ந்திருக்கும்போதும்? திருமூர்த்தி விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். மந்திரிக் குரல் இல்லை, நிறுத்தம் இல்லை, ஸ்டாப் பெயர் சொல்கிற சாதாரணக் குரல். தொகுதிப் பங்கீடு. சுமுகமாக. நடக்கிறது. பிறகு தெரிந்த இங்கிலீஷையும் தமிழையும் கலந்து விளக்கினார். எலக்‌ஷன், சீட், சண்டை, எல்லாரும் சேர்ந்து ஜனங்களைச் சாப்பிடுகிறார்கள். அய்யாவுவின் கத்தி அந்தரத்திலேயே இருந்தது. யாரும் சிரிக்காததால் அதை எப்போது கீழே இறக்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

“இவங்க யாரு?” விரல் ஆடுகிற உருவங்கள்மேல் போனது.

“எங்க ஊரு கட்சிக்காரங்க.”

“உங்க ஊரு?”

“ஆமா. எல்லாம் எங்க ஆளுங்கதான்.”

முலெங்கா கொஞ்ச நேரம் தமிழில் சொல் தேடினான். “அப்பறம் ஏன் என் மூஞ்சி?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேரை உருப்பெருக்கியில் பார்ப்பவன் இப்படித்தான் பார்ப்பான் போல. அதே கேள்வி. இவ்வளவு நேரம் அவர் சுற்றிச் சுற்றி வந்த கேள்வியை அவன் நாலே சொல்லில் நேராகப் போட்டுவிட்டான். ரத்தினம் எதிரே கண்ணாடியைப் பார்த்தார். அந்தக் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரிலும் ஒரு கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில் பெஞ்சு திரும்பத் திரும்ப விழுந்து தூரத்தில் பச்சையாகக் கரைந்தது. அத்தனை பெஞ்சிலும் முலெங்கா, அத்தனையிலும் பக்கத்தில் ஒரு கறுத்த கிழவர், நரைத்த சுருட்டை முடி. “எனக்குத் தெரியல கண்ணு” என்றார் திருமூர்த்தி. “கேட்டுப் பாக்கலாம்.”

கடைசித் தாள் யார் காலடியிலோ கிடந்தது. அதன் அடிவரியில் பேப்பர் ஆபீஸ் நம்பர் இருக்கும், தெரியும். ஒரு முறை பேசியிருக்கிறார், ஒண்டிப்புதூரில் ஒரு எழுத்தை விழுங்கி அச்சடித்தபோது. ஆயுசு முழுக்கக் கூவிய பெயர், மனசு கேட்கவில்லை. மறுநாளே மூலையில் திருத்தம் போட்டார்கள். தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தன் போனில் எண்களை அழுத்தினார். ஒரு முறை தப்பான நம்பர், யாரோ டயர் கடை. இரண்டாவது முறை மணி அடித்தது. கடையில் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்தாரோ, யாருக்கும் கேட்கக் கூடாது என்று நினைத்தாரோ, ஸ்பீக்கரில் கை பட்டு மணிச்சத்தம் கடை முழுக்க ஒலித்தது. சரி, கேட்கட்டும்.

“வணக்கங்க, சொல்லுங்க.” இளவயதுப் பெண் குரல்.

“உங்க இன்னைக்குப் பேப்பர்ல ஒரு தப்பு இருக்குதுங்க.”

“எழுத்துப் பிழைங்களா சார்? எந்தப் பக்கம்?”

“நடுப்பக்கம். எழுத்தெல்லாம் சரியா இருக்குது. படத்துலதான் பிழை. கார்ட்டூன்ல.”

“படத்துல பிழையா?” அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். “மூஞ்சி மாறிருச்சுங்களா சார்? சில சமயம் போட்டோ மாத்தி வெச்சிருவாங்க...”

“ஆமாங்க. மூஞ்சிதான் மாறிருச்சு. கட்சிக்காரங்க மூஞ்சிய வெக்க வேண்டிய எடத்துல வேற ஆளு மூஞ்சிய வெச்சிருக்கீங்க. அவருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவரு இங்கதான் என் பக்கத்துல உக்காந்திருக்காரு. எலும்புமில்ல, புல்லுமில்ல. முடி வெட்ட வந்திருக்காரு.”

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தார். இல்லை, நொடி ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு கேட்டது. படத்தைப் பார்க்கிறாள். காலையிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாளோ என்னவோ. அய்யாவு கத்தியை மெதுவாக ஸ்டாண்டில் வைத்தான். பேக்கரிக்காரர் கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

“சார்,” குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “நான் ஆசிரியர்கிட்டச் சொல்லணும். யாரு படம் தப்பா வந்திருக்குன்னு எழுதிக்கறேன். அவரு பேரு சொல்லுங்க சார்.”

திருமூர்த்தி இடப்பக்கம் திரும்பினார். “உம்பேரச் சொல்லு கண்ணு. மெதுவா.”

அவன் சொன்னான். அவர் அதைத் தன் வாயில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, போனை வாயருகே கொண்டுபோய், ஸ்டாப் வந்துவிட்டதை முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரைக்கும் சொல்கிற குரலை எடுத்தார். “எழுதிக்குங்க. மு. லெ. ங். கா. முருகாவும் இல்ல, முருகேசும் இல்ல. முலெங்கா.” கத்தி இல்லாத கையோடு நின்ற அய்யாவுவின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. மு, லெ, ங், கா.

“முலெங்கா,” என்று அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்டே சொன்னாள். “ஒருத்தர்தானுங்களா சார்?”

திருமூர்த்தி எதிர்க்கண்ணாடியைப் பார்த்தார். ரத்தினம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்க,” என்றார். “பம்பாய்ல ஒரு தடவ என் மூஞ்சியும் இப்படித்தான் வந்தது, அப்பக் கேக்காம விட்டுட்டேன். இன்னொரு பேரும் இருக்குது, எழுதிக்குங்க. தி. ரு. மூ...”